சுண்ணாம்பு வீடும் சிமென்ட் மேஸ்திரியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கும்பகோணத்தில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அக்கம்பக்கத்து விலையில் பாதிதான் சொல்கிறார்கள். "அடிமனை கோயிலோடது, மேல்கட்டடம் மட்டும்தான் எங்களுது" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: பாதி விலைக்குக் காரணமே அதுதான். நீங்கள் வாங்கப்போவது சுவரும் கூரையும். மண் கோயிலுக்குச் சொந்தம். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. "பிறகு மனையையும் கிரயம் பண்ணிக்கலாம்" என்று தரகர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கோயில் அலுவலகத்துக்குப் போய், வாடகைதாரராக யார் பெயர் இருக்கிறது, பாக்கி எவ்வளவு, உங்கள் பெயருக்கு மாற்றித் தருவார்களா, பழுது பார்க்க எழுத்தில் அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். பல வீடுகளில் தாத்தா பெயரே இன்னும் மாறாமல் இருக்கும். வங்கிக் கடனை நம்பி இறங்கவே வேண்டாம்.

சொந்த மனை உள்ள பழைய வீடு என்றால் மூலப்பத்திரமும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றும் பாருங்கள். ஆனால் வில்லங்கத்தில் பதிவான பத்திரம் மட்டும்தான் தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் பதியாத உயிலும் அதில் வராது. வாரிசுச் சான்றிதழை வைத்துக்கொண்டு, கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் உட்பட ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

கேள்வி: தேவகோட்டையில் வாங்கிய வீட்டில் சுவரின் கீழ்ப்பக்கம் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து, காரை பொரிந்து விழுகிறது. முழுக்கக் கொத்திவிட்டு, வாட்டர் ப்ரூஃப் கலந்து சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் மேஸ்திரி.
– வாசகி, மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். இரண்டு மழைக்காலம் பளிச்சென்று இருக்கும், பிறகு உப்பு ஐந்தடிக்கு ஏறும். உங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து உறிஞ்சிய ஈரம் காரை வழியாகத்தான் வெளியே உலர்கிறது. அதைச் சிமென்ட் அடைத்தால், ஈரம் உலர இடம் தேடி மேலே ஏறும். கூடவே உப்பும் போகும். மேல்பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகிப் பருக்கும்போது செங்கல்லின் முகமே மாவாக உதிரும். காரை உதிர்ந்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். செங்கல் போனால் சுவரே போச்சு.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டுத் தெரு உயர்ந்திருக்கும், அல்லது வீட்டைச் சுற்றிச் சிமென்ட் தளம் போட்டு மழைநீரைச் சுவரடிக்கே திருப்பியிருப்பார்கள். தளத்தைச் சுவரோரம் இரண்டடி அகலத்துக்கு உடைத்தெடுத்து, மண்ணை உள்தரைக்குக் கீழே ஒரு முழமாவது தாழ்த்தி, வெளிப்பக்கம் வாட்டம் கொடுங்கள். முற்றத்து வடிகாலில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி, முழுதும் வெளியேறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாதி வீடுகளில் குற்றவாளி அதுதான்.

பிறகு, ஈரக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை பழைய பூச்சைத் தட்டி எடுங்கள். செங்கல் இணைப்பை முக்கால் அங்குலம் தோண்டி, உப்பைக் காய்ந்த தூரிகையால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்தான் போகும். ஒரு கோடை முழுக்கச் சுவரை அப்படியே காய விடுங்கள். ஆளை வரச் சொல்லிவிட்டோமே என்று அவசரப்பட்டால் செலவழித்த பணம் வீண்.

காய்ந்த சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள். அதற்காகச் சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீற்றும்போது (தண்ணீரில் கரைத்துக் குழைவாக்கும்போது), தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கல்லை அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் கிட்டே போகாதீர்கள். சலித்த சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரம் நீருக்கடியில் ஊறட்டும், ஒரு மாதம் என்றால் இன்னும் நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல். ஈரம் உள்ள அடிப்பகுதிக்கு அந்த மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் செங்கல் தூள் போட்டால் ஈரத்திலும் இறுகும். சுவரை நனைத்துவிட்டு ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசுங்கள். ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் பத்து நாள் காயாமல் காக்க வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் பூச்சு விரலால் உதிரும்.

கடுக்காயும் கருப்பட்டியும் போட்டால்தான் நிற்கும் என்பார்கள். சேர்த்தால் கலவை கரண்டிக்கு இதமாக வரும். ஆனால் நீறாத சுண்ணாம்பையும் நனைக்காத சுவரையும் கடுக்காய் காப்பாற்றாது. மேலே வெள்ளையடியுங்கள். எமல்ஷன் அடித்தால் சிமென்ட் செய்த வேலையையே அதுவும் செய்யும்.

கேள்வி: மயிலாப்பூரில் மெட்ராஸ் டெரஸ் வீடு. மாடி ஒழுகுகிறது. மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டால் நிற்குமா?
– வாசகர், சென்னை

பதில்: ஒழுகல் சில காலம் நிற்கலாம், கட்டைகள் தாங்குமா என்பதுதான் சந்தேகம். நூறு சதுர அடிக்கு இரண்டு அங்குல கான்கிரீட் கிட்டத்தட்ட 1,100 கிலோ. உங்கள் தளம் தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்தி வைத்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் நாலு அங்குலம் கொட்டி, கட்டையால் தட்டி இறுக்கி, அதற்கும் மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதித்தது. ஏற்கெனவே கனமான கூரை. முன்பு இருந்தவர்கள் இன்னொரு அடுக்குப் போட்டிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

முதல் வேலை கீழே. ஒவ்வொரு சட்டமும் சுவரில் நுழையும் முனையைத் திருப்புளியால் குத்துங்கள். அரை அங்குலம் இறங்கினால் அந்த முனை உளுத்துவிட்டது. நடுக்கட்டை நன்றாகத் தெரியும், முனை மட்டும் போயிருக்கும். சுவர் ஈரம் அங்கேதான் தேங்குகிறது. முட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் புதுக் கட்டை சேர்த்துப் போல்ட் போடலாம். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்றிடம் விடுங்கள், சிமென்ட் வைத்து இறுக்கி அடைக்காதீர்கள்.

பிறகு மாடிக்கு ஏறுங்கள். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, வடிகுழாய் வாய், அரசங்கன்று முளைத்த இடம் – பெரும்பாலும் இந்த மூன்றில்தான் ஒழுகல். கன்றைப் பிடுங்கினால் வேர் உள்ளே நின்றுவிடும். நாலு கல்லைப் பெயர்த்து வேரோடு எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். வெடித்த தட்டோட்டை மட்டும் மாற்றி, இணைப்புகளைச் சுரண்டிச் சுண்ணாம்பு–செங்கல் தூள் கலவையால் அடைத்தால் போதும். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் இல்லாத இடத்தில் மட்டும் பழைய தட்டோட்டை எடுத்துவிட்டு மறுபடி பதியுங்கள்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் தரை மங்கிவிட்டது. ஆசிட் போட்டுக் கழுவலாமா? உடைந்த கற்களுக்குப் புதுசு கிடைக்குமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஆசிட் பக்கமே போகாதீர்கள். கண்ணாடித் தட்டின் மேல் வார்த்த சிமென்ட் கல் அது. மேலே இருப்பது மெல்லிய வண்ணச் சிமென்ட் படலம், ஆசிட் அதைத்தான் தின்னும். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் துணியில் துளித் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு திரும்பும். மெஷின் பாலிஷும் கூடாது, பூ வேலை கரைந்துவிடும்.

புதுக் கல் ஆத்தங்குடியிலேயே இன்றும் வார்க்கிறார்கள். உடைந்த துண்டு ஒன்றைக் கையில் கொண்டுபோய் அளவும் கனமும் பார்த்துச் சொல்லி வையுங்கள். நிறம் அச்சு அசலாக வராது. அதனால் பின்கட்டில் இருக்கும் பழைய கல்லைப் பெயர்த்து முகப்புக்குக் கொண்டு வந்து, புதுசைப் பின்கட்டில் போடுங்கள்.