பாட்டு நோட்டு

வணக்கம் ஐயா,

போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு கொச்சி போயிருந்தேன். மட்டாஞ்சேரியில் யூதர்கள் வழிபடும் யூதப் பள்ளியைப் பார்த்தோம். இஸ்ரேலுக்குக் குடியேறிவிட்ட கொச்சி யூதக் குடும்பங்களின் வரலாறு எங்காவது பதிவாகியிருக்கிறதா? கைடிடம் கேட்டால், "பெண்கள் பாடிய கல்யாணப் பாட்டுகள் இருக்கின்றன" என்கிறார். பாட்டெல்லாம் வரலாறு ஆகுமா? நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள். அப்புறம், இவர்கள் சாலமோன் காலத்திலேயே வந்தவர்கள் என்பது உண்மையா?

ர., மதுரை

அன்புள்ள தம்பி,

சாலமோனை விடுங்கள். சேர அரசன் பாஸ்கர ரவி யூதத் தலைவர் யோசேப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது, சுமார் 1000 ஆண்டுப் பழமை. அந்தப் பேச்சுக்கு அது போதும்.

"பாட்டெல்லாம் வரலாறு ஆகுமா" என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. செப்பேட்டைத் தேடினால் குடையும் பல்லக்கும் பகல்விளக்கும் யாருக்கு உரிமை என்று கிடைக்கும். பெண்ணை என்ன சொல்லிப் புகுந்த வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று கிடைக்குமா? அதை அந்தப் பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள், நோட்டில் எழுதினார்கள், பாட்டி நோட்டைப் பார்த்துப் பேத்தி எழுதிக்கொண்டாள். கல்யாணப் பாட்டு, யூத வேதக் கதை, பள்ளி கட்டிய கதை எல்லாம் அதில் உண்டு. நம் பாட்டில் வருகிற பைங்கிளி அங்கேயும் வருகிறது.

1950களில் பெரும்பாலான குடும்பங்கள் கிளம்பிவிட்டன. நெகேவ் பாலைவனத்து நெவாடிம் போன்ற ஊர்களுக்கு நோட்டுகளும் கூடவே போயின. அங்கே பிறந்த பிள்ளைகள் ஹீப்ரு படித்தார்கள். அம்மாவின் கையெழுத்து கண் முன்னால் இருக்கிறது, வாசிக்கத் தெரியாது. 1970களில் பார்பரா ஜான்சன், ஷெர்லி ஐசன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் அவற்றைச் சேகரிக்கத் தொடங்கினார்கள், பாட்டிகளைப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள். பிறகு ஸ்கறியா ஸக்கறியா, ஒஃபிரா கம்லியேல் என்ற ஆய்வாளர்கள் மலையாளத்தோடு ஹீப்ரு மொழிபெயர்ப்பையும் சேர்த்து அச்சாக்கினார்கள். பாடத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே போனதால்தான் இதெல்லாம் முடிந்தது. எழுத்து நோட்டில் இருந்தது, மெட்டு தொண்டையில் அல்லவா இருந்தது!

உங்கள் கடிதம் வந்த வாரம் நானும் ஒரு நோட்டை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். என் பெரியம்மாவின் நலங்குப் பாட்டு நோட்டு. அட்டை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. சில வரிகளின் ஓரத்தில் பென்சிலால் "இங்கே இழுக்கணும்" என்று எழுதியிருப்பார். கடைசிப் பக்கத்தில் யாரோ வீட்டுக் கல்யாணத்து மொய்க்கணக்கு. அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்தோம். பழைய செய்தித்தாளோடு அதையும் எடைக்குப் போட்டது நான்தான். படித்தவன், எழுதுகிறவன், நானே போட்டேன். இப்போது மகள் கல்யாணத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்கிறாள். எனக்கு இரண்டு வரி ஞாபகம் இருக்கிறது. மெட்டு வரவில்லை.

சரி, புத்தகம் கேட்டீர்கள். ரூபி டேனியல் 1912ல் கொச்சியில் பிறந்தவர், 1951ல் இஸ்ரேல் போனவர். வயதான காலத்தில் இந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பார்பரா ஜான்சனோடு சேர்ந்து அவர் எழுதிய தன்வரலாறு 1995ல் வெளிவந்தது. தேடிப் படியுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. கொச்சிக்கு உங்களோடு வந்தாரே அம்மா, அவருக்கு என்ன பாட்டுத் தெரியும்? இன்றைக்கு ராத்திரியே போனில் பதிவு செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.