முன்வாயில் மருந்து போடும் துப்பாக்கி: புதிதாக வேட்டைக்குப் போகிறவர் எதை வாங்கலாம்?

பென்சில்வேனியாவில் வேலை, அலுவலக நண்பர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் சொன்னவர்கள் எல்லாரும் துப்பாக்கியைப் பற்றியே பேசிவிட்டார்கள். மருந்தையும் குண்டையும் குழலுக்குள் தள்ளிக் கெட்டிக்கும் கம்பியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கொலை பாதகன் என்று யாரும் பின்னூட்டத்தில் வர வேண்டாம். நம் ஊரில் 1972 சட்டத்துக்கு அப்புறம் வேட்டை குற்றம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. இவர் கேட்பது அங்கே, உரிமம் எடுத்து, சீசனில் போவதைப் பற்றி.

எங்களுக்குக் களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஏத்தன் வாழை. தாத்தாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. (வானத்தை மட்டும்தானா என்று கேட்காதீர்கள். நான் பார்த்தவரை வானம்தான்.) ஒரு மழை ராத்திரி சித்தப்பா விசையை இழுத்தார். மருந்தைப் பற்றவைக்க வெளியே மாட்டும் சின்ன மூடி, கேப், அது மட்டும் ‘டப்’பென்றது, மருந்து பற்றவில்லை. பதற்றத்தில், தான் மருந்தே போடவில்லை என்று நினைத்து, மறுபடி மருந்து, தேங்காய் நார், ஈய ரவை எல்லாம் போட்டுக் கெட்டித்துவிட்டார். புதுக் கேப் மாட்டப் போனவரைத் தாத்தா தடுத்தார். “ஏலே, கம்பிய விட்டுப் பாத்தியா?” கம்பியில் ஒரு வெட்டு உண்டு. சரியாகக் கெட்டித்திருந்தால் அந்த வெட்டு குழல் வாய்க்கு நேராக நிற்கும். அன்றைக்கு நாலு விரல்கடை மேலே நின்றது. சுட்டிருந்தால் குழல் வெடித்துச் சித்தப்பாவின் முகம் போயிருக்கும். அதற்குப் பிறகு அவர் அந்தத் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

ஆகவே தம்பி, எதை வாங்கினாலும் முதல் நாளே கம்பியில் இரண்டு அடையாளம் போடுங்கள், வெறும் குழலுக்கு ஒன்று, கெட்டித்த குழலுக்கு ஒன்று. குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்கார வேண்டும், நடுவில் இடைவெளி கூடாது. வெடிக்கவில்லையென்றால் குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடமாவது பொறுங்கள். மருந்தைக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள், உள்ளே கனல் இருந்தால் குடுவையே வெடிக்கும். தனி அளவுக்குப்பியில் எடுத்துப் போடுங்கள். போடுவது கரிமருந்து (பழைய கறுப்பு வெடிமருந்து) அல்லது அதற்கு மாற்றாக விற்பது மட்டும்தான். இந்தக் காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

மாடல்? நானும் அந்த மாநிலத்தில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வரும் சீசனில் அங்கே கேப் இல்லாமல் கல் பொறியில் பற்றும் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிதான் செல்லும். அதை விசாரிக்காமல், குழலுக்கு நேர் பின்னாலிருந்து பற்றவைக்கும் புது மாதிரி இன்லைன் துப்பாக்கி வாங்கினால் அந்த சீசனில் வீட்டில்தான் இருக்க வேண்டும். அளவு 50 காலிபர், அதாவது அரை அங்குலம், மானுக்குப் போதும். சுட்ட அன்றைக்கே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவுங்கள். கரிமருந்துச் சாம்பல் ஈரத்தை இழுக்கும், இரண்டே நாளில் துரு.

துரு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். கடைசித் தடவை திரும்பி வந்தபோது குழலுக்குள் செம்மண் மாதிரித் துரு, கம்பியைக் காணோம். கேட்டதற்கு, “கம்பிதானே பெரியவரே, ஒண்ணு அடிச்சுக்கிடுங்க” என்றார்கள். தாத்தா உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என்று 2025இல் அரசு சொல்லியிருக்கிறது. எங்கள் தோட்டத்திலிருந்து காட்டு வேலிக்குக் கல் எறிந்தால் விழும். போன மாதமும் நாற்பது வாழை போச்சு.