விளம்பரம் ஓடும் நாளில் தளம் படுக்காமல் இருக்க

கேள்வி: கிளையன்ட்டின் துணிக்கடைத் தளம் வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் பிளக்இன்) ஓடுகிறது. தீபாவளிக்கு டிவி விளம்பரம் கொடுக்கப் போகிறார்கள். சர்வரை இரண்டு மடங்காக்கினால் போதுமா?

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கேஷில், அதாவது ஏற்கெனவே தயாரித்துச் சேமித்து வைத்த நகல்களில், இல்லாத ஒவ்வொரு பக்கத்தையும் தயாரிக்க, தளத்தின் நிரலை ஓட்டும் ஒரு பிஎச்பி ப்ராசஸ் வேண்டும். இந்த ப்ராசஸ்களை நிர்வகிப்பது பிஎச்பி-எஃப்பிஎம். உபுண்டு சர்வரில் அதை நிறுவிய கையோடு, ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ப்ராசஸ்களின் உச்சவரம்பு வெறும் 5. ஆறாவது ஆள் வரிசையில் நிற்பார். ரேமை இரட்டிப்பாக்கிவிட்டு இந்த எண்ணைத் தொடாமல் விட்டவர்கள் நிறையப் பேர். பணம் போனதுதான் மிச்சம்.

4 ஜிபி ரேமில் டேட்டாபேஸுக்கும் மற்றவற்றுக்கும் 1.5 ஜிபி ஒதுக்குங்கள். ஒரு ப்ராசஸ் 80 எம்பி பிடிக்கிறது என்றால் மீதியில் 30 ப்ராசஸ் தாங்கும். உங்கள் சர்வரில் எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்துவிட்டு எண்ணை மாற்றுங்கள். ஆசைப்பட்டு 100 என்று வைத்தால் ரேம் தீர்ந்துபோய், லினக்ஸ் பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸைத்தான் நிறுத்தும். அப்புறம் கடையே இல்லை.

இதைவிட முக்கியம், வருகிறவர்களில் பெரும்பாலோர் பிஎச்பி வரைக்கும் போகவே கூடாது. முகப்பும் புடவைப் பக்கங்களும் எல்லோருக்கும் ஒன்றுதானே? அவற்றைப் பேஜ் கேஷில் வையுங்கள். கூடை, செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்றையும் கேஷிலிருந்து கட்டாயம் விலக்குங்கள். தப்பித் தவறி உள்ளே போனால் ஒருவருடைய வீட்டு முகவரி இன்னொருவர் திரையில் தெரியும். தளம் படுப்பதைவிட இது மோசம்.

கேள்வி: தளத்துக்கு முன்னால் நின்று கோப்புகளின் நகலைப் பரிமாறும் கிளவுட்ஃப்ளேர் சேவை இருக்கிறது, கேஷும் இருக்கிறது. ஆனாலும் ஃபேஸ்புக் விளம்பரம் ஓடிய அன்று தளம் படுத்துவிட்டது. ஏன்?

கிளவுட்ஃப்ளேர் நீங்கள் சொல்லாமல் படங்கள், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற கோப்புகளைத்தான் சேமிக்கும். பக்கத்தின் எச்டிஎம்எல்லைச் சேமிக்காது. அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும்.

ஆனால் என் சந்தேகம் வேறு இடத்தில். ஓர் இனிப்புக் கடைத் தளத்துக்கு இதே பிரச்சினை வந்தபோது இரவு உட்கார்ந்து, யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் ஆக்சஸ் லாகைப் பார்த்தேன். வரிக்கு வரி ஒரே மைசூர்பாகு பக்கம். ஆனால் ஒவ்வொரு முகவரியின் கடைசியிலும் கேள்விக்குறி, அதன் பின்னால் வெவ்வேறு எழுத்துக் குவியல். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஃபேஸ்புக் ஒட்டி அனுப்பும் வால் அது. வால் மாறினால் கேஷுக்கு அது புதுப் பக்கம். ஆக, விளம்பரத்திலிருந்து வந்த அத்தனை பேரும் நேராக பிஎச்பியின் தலையில் வந்து விழுந்திருக்கிறார்கள்.

சில கேஷ் பிளக்இன்கள் இந்த வாலைத் தாமே வெட்டிவிடும். என்ஜின்எக்ஸ் வெப்சர்வரில் நீங்களே அமைத்த கேஷ், நீங்கள் சொல்லாமல் வெட்டாது. முகவரியின் பின்னால் ?fbclid= என்று போட்டு, அதற்கப்புறம் கண்டதையும் ஒட்டி இரண்டு முறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு வாலை ஒட்டினாலும் இரண்டாம் முறை கேஷிலிருந்து வர வேண்டும்.

கேள்வி: ஒரே நேரத்தில் பலர் வந்தால் தளம் தாங்குமா என்று லோட் டெஸ்ட் செய்ய எது நல்லது?

கே6 என்ற கருவி போதும். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சொல்லிவிட்டு, தளத்தின் நகல் ஒன்றில், வேறொரு இயந்திரத்திலிருந்து ஓட்டுங்கள். முகப்பை மட்டும் தட்டிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். கூடையில் பொருளைப் போட்டு செக்அவுட் வரை போக வேண்டும், பேமென்ட் டெஸ்ட் மோடில் இருக்கட்டும்.

கேள்வி: “ஒரு நிமிஷம்கூட நிற்காது” என்று எழுதித் தரச் சொல்கிறார் கிளையன்ட். தரலாமா?

தராதீர்கள். 2013 அக்டோபர் 1 அன்று திறந்த அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளத்தில் முதல் நாள் காப்பீட்டுப் பதிவை முடித்தவர்கள் 6 பேர்தான். பணபலம் உள்ள அரசுக்கே அந்தக் கதி. டெஸ்டில் நிமிடத்துக்கு எத்தனை ஆர்டர் தாங்கியது என்ற எண்ணை எழுதிக் கொடுங்கள், அது நேர்மையானது. மீறினால் காட்ட ஒரு எளிய “சற்றுப் பொறுங்கள்” பக்கத்தைத் தயாராக வையுங்கள். அது 503 (இப்போதைக்குச் சேவை இல்லை) என்ற பதிலோடு போனால், இது தற்காலிகம் என்று கூகுளுக்கும் புரியும்.

பதிலுக்கு அவரிடமும் இரண்டு விஷயம் கேளுங்கள். விளம்பரம் எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு என்ற பட்டியல் முந்தின நாளே உங்கள் கைக்கு வர வேண்டும். அந்த வாரம் முழுக்கக் கடைப் பையன் யாரும் பிளக்இன் அப்டேட் பொத்தானைத் தொடக் கூடாது.