வெண்பா எழுதினால் ‘தளை தட்டுகிறது’ என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

எழுத்தை எண்ணாதீர்கள், சொல்லை அசை அசையாக, அதாவது ஒலித்துண்டுகளாகப் பிரியுங்கள். குறிலோ நெடிலோ தனித்து நின்றால் நேர். குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை. பின்னால் வரும் மெய்யெழுத்து அதே அசையோடு ஒட்டிக்கொள்ளும். அசைகள் சேர்ந்தால் சீர். சீரின் அசையமைப்பைச் சொல்லும் மாதிரிச் சொல்தான் வாய்பாடு; அந்தப் பெயரே விடையைச் சொல்லிவிடும்: தே/மா என்றால் நேர் நேர், புளி/மா என்றால் நிரை நேர். (பெயர் வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான்!)

ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் சேரும் விதம்தான் தளை. வெண்பாவில் மாச்சீருக்குப் (தேமா, புளிமா) பின் நிரை வரவேண்டும். விளச்சீர் (நிரையில் முடியும் ஈரசைச் சீர்), காய்ச்சீர் (நேரில் முடியும் மூவசைச் சீர்) என்றால் பின்னால் நேர். ‘மாமா வந்தார்’ என்று எழுதிப் பாருங்கள்: மா/மா, வந்/தார். மாவுக்குப் பின் நேர் வந்துவிட்டது, தட்டுகிறது. ‘மாமா வருவார்’ என்று மாற்றினால் வரு/வார், சரியாகிவிடும்.

அப்புறம், ஈற்றடிக்கு, அதாவது கடைசி அடிக்கு மூன்றே சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக முடியவேண்டும்.