ஆவணப் பக்கத்தின் மெனுவில் சில ஏஐ உதவியாளர்களை மட்டும் காட்ட முடியுமா?

முடியும். ‘சாட்ஜிபிடியில் திற’, ‘கிளாடில் திற’ என்று வரிசையாக வரும் அந்த மெனுவுக்கு, மின்ட்லிஃபை போன்ற, ஆவணத் தளம் உருவாக்கும் கருவிகளின் அமைப்புக் கோப்பில் ஒரு பட்டியல் உண்டு. அதில் இருப்பவை மட்டுமே வாசகருக்குத் தெரியும். வேண்டாததை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

எதை வைப்பது என்பதில்தான் யோசிக்க வேண்டும். பொதுவாக அந்தப் பொத்தான், பக்கத்தின் முகவரியோடு ஒரு கேள்வியை எழுதி உதவியாளரின் தளத்தைத் திறக்கும். பக்கத்தைத் தேடிப் போய்ப் படிப்பது உதவியாளரின் வேலை. உங்கள் ஆவணம் உள்நுழைவுக்குப் பின்னால் இருந்தாலோ, சர்வர் அதன் கோரிக்கையைத் தடுத்தாலோ, படிக்க முடியாது. படிக்காமலே ஊகித்துப் பதில் சொல்லிவிடும் ஆபத்தும் உண்டு. நம்பி வந்த வாசகருக்கு அது பெரிய அநியாயம். அதனால் ஒவ்வொரு பொத்தானையும் நீங்களே அழுத்தி, பக்கத்தில் மட்டுமே உள்ள ஒரு விவரத்தைக் கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொல்வதை மட்டும் வையுங்கள். பக்கத்தை மார்க்டவுனாக, அதாவது எளிய குறியீடுகள் கொண்ட வெற்று உரையாக, நகலெடுக்கும் வசதியை எடுக்க வேண்டாம். தனக்குப் பிடித்த உதவியாளரிடம் வாசகரே ஒட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், மெனுவிலிருந்து ஒரு உதவியாளரை நீக்குவது, அது உங்கள் பக்கத்தைப் படிப்பதற்குத் தடை ஆகாது. தளங்களைத் தானாகப் படித்துச் செல்லும் கிராலர்களை நிறுத்துவது ரோபோட்ஸ் கோப்பிலும் (robots.txt) சர்வரிலும் செய்யும் தனி வேலை.