மேற்கோள் பெருகினால் விக்கிப்பீடியா பக்கம் ஏன் தாமதமாகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலூர் வட்டார வரலாறு குறித்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் சில ஆண்டுகளாக எழுதி வருகிறேன். கோட்டையைப் பற்றியும், 1806 ஜூலை 10 அன்று அங்கே வெடித்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றியும் சேர்த்த பகுதிகளுக்கு வரிக்கு வரி சான்று கொடுத்திருக்கிறேன். இப்போது ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி முன்தோற்றம் பார்ப்பதற்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. படிக்க வருபவர்களும் இப்படித்தான் காத்திருக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், குடியாத்தம்

பதில்: பெரும்பாலும் இல்லை, ஐயா. ஒருமுறை உருவாக்கிய பக்கத்தை விக்கிப்பீடியாவின் வழங்கிகள் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வருபவர்களுக்கு அந்தப் படியையே எடுத்துக் கொடுக்கின்றன. முன்தோற்றம் கேட்கும்போதும் சேமிக்கும்போதும் முழுப் பக்கமும் புதிதாகக் கட்டப்படுகிறது. தாங்கள் மாற்றியது ஒரே எழுத்தாக இருந்தாலும், அந்தப் பக்கத்திலுள்ள ஒவ்வொரு மேற்கோள் வார்ப்புருவும் (சான்றின் விவரங்களை வாங்கி ஒழுங்கான குறிப்பாக எழுதித் தரும் ஆயத்த அச்சு) தன் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகிய அத்தனை விவரங்களையும் சரிபார்த்து, வரிசைப்படுத்தி, மீண்டும் எழுதப்பட வேண்டும். ஆகவே அதிகமாகச் சான்று கொடுப்பவர்தான் அதிகமாகக் காத்திருக்கிறார். இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை, ஏனெனில் பொறுமை இழந்து ஒதுங்கிக்கொள்பவர்கள் தங்களைப் போன்ற கவனமான எழுத்தாளர்களாகத்தான் இருப்பார்கள்.

கேள்வி: மேற்கோள் வார்ப்புருக்களை லுவா என்ற நிரல்மொழிக்கு மாற்றிய பிறகு இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதாகப் படித்தேன். பிறகும் ஏன் தாமதம்?
– கணினி அறிவியல் மாணவி, காட்பாடி

பதில்: பெரும்பகுதி தீர்ந்தது உண்மை. 2013-க்கு முன்பு வார்ப்புருக்களில் நிரல் எழுதத் தனி மொழி எதுவும் கிடையாது. ‘இந்த விவரம் கொடுக்கப்பட்டிருந்தால் இதை எழுது, இல்லையேல் அதை எழுது’ என்ற வகையிலான சிறு கட்டளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித்தான் மேற்கோள் வார்ப்புருக்களை உருவாக்கினார்கள். ஆசிரியர் பெயரும் தலைப்பும் மட்டுமே உள்ள எளிய மேற்கோளுக்குக்கூட, மொழிபெயர்ப்பாளர் உண்டா, தொகுதி எண் உண்டா என்று டஜன்கணக்கான கேள்விகளைப் பக்கத்தைக் கட்டும் நிரல் கேட்டுத் தீர வேண்டியிருந்தது. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் பிறந்த லுவா மொழியை, ஸ்கிரிபுன்டோ என்ற நீட்சியின் (விக்கி மென்பொருளோடு சேர்க்கும் துணை மென்பொருளின்) வழியாக 2013-இல் விக்கிப்பீடியாக்களில் பயன்படுத்தத் தொடங்கியதும், அந்தச் சுமை வெகுவாகக் குறைந்தது.

ஆனாலும் ஒரு மேற்கோளுக்காக அழைக்கப்படும் லுவா நிரல், அடுத்த மேற்கோளுக்குப் புதிதாகவே தொடங்குகிறது. நானூறு மேற்கோள் என்றால் நானூறு தொடக்கம். மாத இதழ் வகைகள், பிழைச் செய்திகள், ஏற்கத்தக்க விவரப் பெயர்கள் முதலிய மாறாத அட்டவணைகளை ஒவ்வொரு முறையும் படிக்காமல், பக்கத்துக்கு ஒரே முறை ஏற்றி எல்லா அழைப்புகளுக்கும் பகிர்ந்து தரும் வசதி ஸ்கிரிபுன்டோவில் உண்டு. மேற்கோள் நிரல் அதைப் பயன்படுத்துகிறது. நீங்கள் தமிழுக்காகப் புதிய அட்டவணை எதையேனும் சேர்க்க நேர்ந்தால், மாதப் பெயர்களின் பட்டியலாக இருந்தாலும், அதை அந்த முறையிலேயே சேருங்கள்.

கேள்வி: ஆங்கில விக்கிப்பீடியாவில் முந்நூறு மேற்கோள் உள்ள கட்டுரை ஒழுங்காகத் தெரிகிறது. தமிழில் அவ்வளவு எட்டும் முன்பே, பக்கத்தின் கடைசிப் பகுதியில் மேற்கோள் வர வேண்டிய இடத்தில் வார்ப்புருவின் பெயர் மட்டும் இணைப்பாக நிற்கிறது. நம் மொழிக்கு மட்டும் ஏன் இந்த நிலை?
– நூலகர், ஆம்பூர்

பதில்: வந்த கேள்விகளில் என்னை அதிக நேரம் உட்கார்ந்து கணக்குப் போட வைத்தது இதுதான். ஒரு பக்கத்திலுள்ள வார்ப்புருக்கள் எல்லாம் விரிந்த பிறகு வரும் மொத்த அளவுக்கு 20,97,152 பைட்டு என்று வரம்பு இருக்கிறது. அந்த வரம்பு தாண்டியதும் மீதமுள்ள வார்ப்புருக்கள் விரிக்கப்படாமல் பெயரளவில் நின்றுவிடுகின்றன. தாங்கள் கண்டது அதைத்தான். வரம்பு எல்லா மொழிக்கும் ஒன்றே. ஆனால் அது எழுத்துகளை எண்ணாமல், அவற்றைக் கணினியில் சேமிக்கப் பிடிக்கும் இடத்தின் அலகான பைட்டுகளை எண்ணுகிறது.

‘வேலூர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுமுறையான ஒருங்குறியில் வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஆறு குறியீடுகள். ஒவ்வொன்றும், அந்த எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், மூன்று பைட்டு பிடிப்பதால் மொத்தம் 18. ஆங்கிலத்தில் இதே ஊர்ப்பெயர் 7 பைட்டில் முடிந்துவிடுகிறது.

இதோடு போகவில்லை. ஒவ்வொரு மேற்கோளுக்குள்ளும், ஜோட்டெரோ போன்ற நூற்பட்டியல் மென்பொருள்கள் படித்துக்கொள்வதற்காக, அதே விவரங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு முறை எழுதப்படுகின்றன. அந்த மறைபகுதியில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் சேர்ந்து மூன்று பைட்டாக மாறுகிறது. ‘வேலூர்’ அங்கே 54 பைட்டு. இடைவெளி நீங்கலாக 60 குறியீடுகள் கொண்ட தமிழ்த் தலைப்பு ஒன்று, வெளியே 180, உள்ளே 540 என 720 பைட்டு எடுத்துக்கொள்ள, அதே நீளமுள்ள ஆங்கிலத் தலைப்புக்கு ஏறக்குறைய 120 போதும். மேற்கோள் எந்தக் கட்டுரையில் இருக்கிறதோ அந்தக் கட்டுரையின் பெயரும் அந்த மறைபகுதியில் ஒவ்வொரு முறையும் பதிவாகிறது. ‘வேலூர் கோட்டை’ என்ற தலைப்புக்கு மட்டும், முந்நூறு மேற்கோளில் 32,000 பைட்டுக்கு மேல் செலவாகிவிடும்.

இந்த மறைபகுதியை நீக்கிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றலாம். நான் அதற்கு உடன்படமாட்டேன். தமிழ் நூல்களின் விவரங்களை ஆய்வாளர்கள் தட்டச்சு செய்யாமல் எடுத்துக்கொள்ள இருக்கும் வழிகளே குறைவு.

இழப்பின்றிக் குறைக்கக்கூடியது அடுக்குகளைத்தான். விரிந்த உரை, தான் கடந்து வரும் ஒவ்வொரு வார்ப்புரு அடுக்கிலும் மீண்டும் கணக்கில் சேர்கிறது. தமிழ்ப் பெயரில் ஒரு வார்ப்புருவை உருவாக்கி, அதற்குள் ஆங்கிலப் பெயருள்ள வார்ப்புருவை அழைத்துவிட்டு வேறு எதுவும் செய்யாமல் விட்டால், அந்தத் தமிழ்ப் பெயருக்காக முழு மேற்கோளின் அளவும் இன்னொரு முறை கூடுகிறது. அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பெயரை வழிமாற்றாக (மூல வார்ப்புருவுக்கே நேராக அனுப்பும் மாற்றுப் பெயராக) வைத்தால் பெயரும் தமிழில் இருக்கும், சுமையும் ஏறாது. ஆங்கிலேயர் காலத்து வட ஆற்காடு மாவட்டக் கையேட்டைப் போன்ற ஒரே நூலை இருபது இடத்தில் காட்ட நேர்ந்தால், முழு விவரத்தை ஒரு முறை மட்டும் கொடுத்து, மற்ற இடங்களில் ஆசிரியர், ஆண்டு, பக்கம் என்ற குறுங்குறிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். பக்க எண்ணும் ஒன்றாக இருந்தால், மேற்கோளுக்கு ஒரு பெயர் சூட்டி அந்தப் பெயரையே மீண்டும் பயன்படுத்துங்கள். வார்ப்புரு ஒரு முறைதான் விரியும்.

கேள்வி: இவ்வளவு சிரமத்துக்குப் பதிலாகச் சில மேற்கோள்களை நீக்கிவிட்டால் என்ன?
– வாசகர், இராணிப்பேட்டை

பதில்: வேண்டாம். ஒரே செய்திக்கு ஒரே தகவலைத் திருப்பிச் சொல்லும் ஐந்து நாளிதழ்ச் செய்திகள் இருந்தால் சிறந்த இரண்டை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கை வைத்தால் வேகத்துக்காக நம்பகத்தை விற்றதாகிவிடும். பக்கம் அளவு மீறினால் கட்டுரையைப் பிரியுங்கள். 1989-இல் வட ஆற்காடு பிரிந்தது; 2019-இல் வேலூரிலிருந்து தங்கள் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. பழைய மாவட்டக் கட்டுரையிலேயே எல்லா ஊர்களின் செய்தியும் குவிந்து கிடந்தால், அந்தந்த மாவட்டக் கட்டுரைக்கு உரிய பகுதியை அதன் சான்றுகளோடு சேர்த்து நகர்த்துவதே முறை.

கேள்வி: மேற்கோள் வார்ப்புருவை நானே திருத்திப் பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– பொறியியல் மாணவர், வேலூர்

பதில்: அளப்பதிலிருந்து தொடங்குங்கள். மேற்கோள் மிகுந்த ஒரு கட்டுரையைத் தொகுக்கத் திறந்து, எதையும் மாற்றாமல் முன்தோற்றம் கேளுங்கள். பக்கத்தின் அடியில், பக்கத்தைக் கட்ட ஆன நேரம், விரிந்த வார்ப்புருக்களின் மொத்த அளவு, லுவாவுக்குச் செலவான நேரம் ஆகியவை அட்டவணையாக வரும். லுவாவுக்கு ஒரு பக்கத்துக்கு 10 நொடிதான் அனுமதி. வழங்கியின் அப்போதைய நெரிசலைப் பொறுத்து நேரம் ஏறி இறங்கும் என்பதால், ஐந்தாறு முறை கேட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு மட்டும் மாறாது.

பிறகு திருத்தத்தை வார்ப்புருவின் மணல்தொட்டியில் (சோதனைக்கான தனிப் படியில்) செய்து அதே கட்டுரையில் ஒப்பிடுங்கள். நேரடியாக மூல வார்ப்புருவில் கை வைக்காதீர்கள். அதில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும், அதைப் பயன்படுத்தும் அத்தனை பக்கங்களும் மீண்டும் கட்டப்பட வேண்டிய வரிசையில் சேர்ந்துவிடும். எனவே சிறு திருத்தங்களை ஒன்றாகத் திரட்டி, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு அளவீடுகளையும் வார்ப்புருவின் பேச்சுப் பக்கத்தில் இட்டு, அனுபவமுள்ள பயனர்கள் பார்த்த பிறகு ஒரே முறையாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.