மசுந்தேயில் ஒரு வாரம்: கார் வேண்டாம், கடலை மட்டும் கவனியுங்கள்

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மெக்சிகோவின் வஹாகா மாநிலக் கடற்கரையில் மசுந்தே என்ற கிராமத்துக்கு ஒரு வாரம் போக ஆசை. மனைவியும், விசிட்டர் விசாவில் வந்திருக்கும் என் அம்மாவும் கூட வருகிறார்கள். அம்மா சுத்த சைவம், முழங்கால் வலி வேறு. கடற்கரையோடு நிற்காமல் சுற்றுப்புற ஊர்களையும் பார்க்க வேண்டும். செப்டம்பரில் டிக்கெட் மலிவு, ஜனவரியில் விலை அதிகம். எப்போது போகலாம்? கார் எடுக்கணுமா? பாதுகாப்பு எப்படி?"

ஜனவரியில் போங்கள். செப்டம்பரில் அங்கே மழை உச்சத்தில் இருக்கும், மே மாதமே தொடங்கும் புயல் காலமும் அப்போது முடிந்திருக்காது. 2022 மே 30 அன்று அகதா புயல் மசுந்தேக்குப் பக்கத்தில், புவேர்த்தோ ஆங்கெல் அருகேதான் கரையைக் கடந்தது. மழைக்காலத்துக்கு ஒரே ஒரு லாபம் உண்டு, ஆமைகள். அதற்குப் பிறகு வருகிறேன். ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் அந்தக் கடலில் இருக்கும் மாதம் அது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பாதி மெக்சிகோ கடற்கரையில்தான் இருக்கும்.

விசா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குச் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. அம்மாவின் விசிட்டர் விசாவே போதும். நீங்கள் எச்1பி வேலை விசாவில் இருந்தால் அனுமதிக் காகிதம் மட்டும் போதாது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகாமல் இருக்க வேண்டும். பலர் இடறுவது இங்கேதான். கிரீன் கார்டு என்றால் கவலையில்லை.

இறங்க வேண்டிய விமான நிலையம் வாதுல்கோ. அங்கிருந்து டாக்சியில் சுமார் ஒரு மணி நேரம். புவேர்த்தோ எஸ்கோந்தீதோவில் இறங்கினாலும் சரிதான், இன்னும் கொஞ்ச நேரம் கூடும். அம்மாவோடு பெட்டிகளும் இருப்பதால் முதல் நாள் பேருந்து மாறிப் போகும் சாகசம் வேண்டாம், நேராக டாக்சி பேசிவிடுங்கள்.

கார் எடுக்காதீர்கள். போச்சுட்லா, புவேர்த்தோ ஆங்கெல், சிபோலிதே, சான் அகுஸ்தினியோ, மசுந்தே எல்லாம் ஒரே சாலையில் கோத்த ஊர்கள். பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு, மேலே தார்ப்பாய் கட்டிய பிக்கப் வண்டிகள் பகல் முழுக்க ஓடுகின்றன. கமியோனேத்தா என்பார்கள். கை காட்டினால் நிற்கும், இறங்கும்போது காசு கொடுத்தால் போதும். காய்கறி மூட்டையும் பள்ளிப் பிள்ளைகளும் கூடவே வரும். ஊரை அறிய இதைவிட நல்ல வழி இல்லை. ஏறும் படி உயரம் என்பதால் அம்மாவுக்கு மட்டும் டாக்சி. தூரம் குறைவு, செலவு பெரிதாக ஆகாது.

இனி பாதுகாப்பு. திருட்டைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வழக்கமான ஜாக்கிரதை போதும்: இருட்டில் ஆளில்லாத கடற்கரையில் நடக்காதீர்கள், போனை மணலில் விட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். நான் பயப்படுவது கடலைப் பார்த்துத்தான். அது திறந்த பசிபிக். சிபோலிதேயிலும் மசுந்தேயின் மேற்கே உள்ள மெர்மெஹிதாவிலும் அலை கரையில் உடைந்து திரும்பும்போது ஆளை உள்ளே இழுத்துவிடும். நன்றாக நீந்துபவர்களும் அங்கே இறந்திருக்கிறார்கள். குளிக்க மசுந்தேயின் ரின்கொன்சீதோ முனைக்குப் போங்கள், பாறை அணைப்பால் அங்கே அலை அடங்கியிருக்கும். சான் அகுஸ்தினியோவிலும் சில மூலைகள் நல்லவை. சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். மீறி இழுபட்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு திரும்ப வேண்டும்.

அப்புறம் இன்னொன்று, சொல்லாமல் விட்டால் என்னைத் திட்டுவீர்கள். சிபோலிதே ஆடையில்லாமல் குளிக்க அனுமதி உள்ள கடற்கரை. அம்மாவை அழைத்துப்போவதா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

ஆமைக் கதைக்கு வருவோம், ஏனென்றால் அந்த ஊரே அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கரையின் பிழைப்பே கடல் ஆமையைப் பிடித்து அறுப்பது. சான் அகுஸ்தினியோவில் அதற்கென்றே அறுப்புக்கூடம் இருந்தது. 1990இல் மெக்சிகோ அரசு ஆமை வேட்டையை முற்றிலும் தடை செய்ததும் ஊரின் வருமானம் ஒரே அடியில் நின்றது. அதற்குப் பிறகு வந்தவைதான் மசுந்தேயில் இன்று பார்க்கிற ஆமை ஆய்வு மையம், பெண்கள் சேர்ந்து நடத்தும் இயற்கை அழகுப்பொருள் கூட்டுறவு, சுற்றுலா எல்லாம். ஆமை மையத்துக்கு அம்மாவையும் அழைத்துப்போகலாம். திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்கே எஸ்கோபியா கடற்கரையில் மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கான ஆமைகள் ஒரே சமயத்தில் முட்டையிடக் கரையேறும். சென்னைக் கடற்கரையில் தனித்தனியாக வருகிற அதே பங்குனி ஆமைதான் இது. ஜனவரியில் அந்தக் கூட்டத்தைப் பார்ப்பது அதிர்ஷ்டம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். குஞ்சுகளைக் கடலில் விடும் நிகழ்ச்சி கிடைத்தால் போங்கள். ஆனால் கையில் தூக்கிப் படம் எடுக்க விடுகிற ஆளாக இருந்தால் காசு கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் லா வெந்தானியாவைச் சொல்வேன். மசுந்தேக்கு மேற்கே சில கிலோமீட்டரில் உள்ள சின்ன ஊர். ஊர்க்காரர்களே கூட்டுறவு வைத்து அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் கூட்டிப்போகிறார்கள். மோட்டார் சத்தம் இல்லாததால் முதலை, இகுவானா எனும் பெரிய ஓணான், நாரை எல்லாம் பக்கத்திலேயே தெரியும். 1997இல் பாலினா புயல் இந்தக் காட்டைச் சிதைத்துவிட்டது. ஊரார் கன்று வைத்து மீட்டார்கள். அதைப் படகோட்டியிடம் கேளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவைகளும் ஒதுங்கிவிடும். படகில் உட்கார்ந்தே பார்ப்பதால் முழங்காலுக்கும் சிரமமில்லை.

மசுந்தேயை ஒட்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் புந்தா கொமேதா முனைக்கு அம்மா வர வேண்டாம், கல்லும் மேடுமான பாதை. நீங்கள் இருவரும் விடியற்காலையில் போங்கள். மாலையில் சூரிய அஸ்தமனம் பார்க்க ஊரே அங்கே நிற்கும், திரும்புவதும் இருட்டில். திமிங்கிலம் மூச்சு விடுவது கரையிலிருந்தே தெரிய வாய்ப்புண்டு.

ஒரு நாள் மலைக்கு ஒதுக்குங்கள். புளூமா இதால்கோ, மர நிழலில் காப்பி விளையும் ஊர். ஜனவரி அறுவடைக் காலம், சிவந்த பழம் காய்வதைப் பார்க்கலாம். இதற்கு மட்டும் நாள் வாடகைக்கு டாக்சி பேசுங்கள். வளைவுப் பாதை, காலை உணவு அளவோடு இருக்கட்டும். வஹாகா நகருக்கும் போவதாக இருந்தால் போச்சுட்லா வழியான பழைய மலைச் சாலையில் அம்மாவைக் கூட்டிப்போகாதீர்கள். 2024இல் திறந்த புதிய நெடுஞ்சாலையில் புவேர்த்தோ எஸ்கோந்தீதோவிலிருந்து வேன்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் சேர்த்துவிடும்.

சாப்பாடு. யோகா பயில வரும் கூட்டத்தால் மசுந்தேயில் சைவம் எளிதாகக் கிடைக்கும். உள்ளூர்க் கடைகளில்தான் கவனம். இறைச்சி வேண்டாம் என்றால் சிலர் கோழி வைப்பார்கள். அரிசிச் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம், மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். பெரிய மக்காச்சோள ரொட்டியான த்லாயூதாவின் மேல் தடவும் அசியேந்தோவும் பன்றிக் கொழுப்பே. "சின் கார்னே, சின் போயோ, சின் மந்தேகா, சின் அசியேந்தோ" (இறைச்சி, கோழி, பன்றிக் கொழுப்பு, அசியேந்தோ எதுவும் இல்லாமல்) என்று ஒரு சீட்டில் எழுதி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். பாலாடை, வெண்ணெய்ப்பழம், கள்ளி மடலான நோபால் வைத்த த்லாயூதா நம் நாக்குக்குப் பிடிக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

கடைசியாகப் பணம். கிராமத்து ஏடிஎம்மில் காசு தீர்ந்திருப்பது சகஜம், வண்டிக்காரரும் சின்னக் கடைகளும் கார்டு வாங்குவதில்லை. விமான நிலையத்திலோ போச்சுட்லா வங்கியிலோ பெசோ எடுத்துக்கொண்டு, கையோடு சில்லறையும் மாற்றிக்கொள்ளுங்கள். 500 பெசோ நோட்டை நீட்டினால் கமியோனேத்தா ஓட்டுநர் உங்களைத்தான் பார்ப்பார்.